சத்தம் போடாத கூலர்

என் கடைத் தரையில் படுத்துப் பார்த்துவிட்டுச் சாமான் வாங்கிய ஒரே வாடிக்கையாளன் சுகுமாறன்தான். அம்பாங்கானில் இருபத்திரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். விலை கேட்டுவிட்டு ஓடுகிறவர்கள், படம் பிடித்துக்கொண்டு போய் இணையத்தில் வாங்குகிறவர்கள், வாங்கியதைக் கழற்றிக் கெடுத்துவிட்டு வந்து என்னைத் திட்டுகிறவர்கள் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. எனக்குக் கோபம் சட்டென்று வரும். அமலதாஸ் கடைக்குப் போனால் சாமானோடு இரண்டு திட்டும் இலவசம் என்று இந்த வட்டாரத்தில் கேலி பேசுவார்கள். சுகுமாறன் மேல் மட்டும் அந்தக் கோபம் நிலைக்கவில்லை. இப்போது இருக்கிற கோபமெல்லாம் என் மேல்தான்.

அவன் முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பழைய காரின் பின்சீட்டில் கம்ப்யூட்டரைத் துண்டால் சுற்றி, சீட்பெல்ட் போட்டு, ஆளை உட்கார வைப்பதுபோல் உட்கார வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

“போர்டிக்சன்ல வீட்டுக்காரிய டயாலிசிஸ்ல விட்டுட்டு வர்றேண்ணே. நாலு மணி நேரம் மெஷின்ல இருப்பா. அதுக்குள்ள நான் திரும்பிப் போயிடணும்.”

“முதல்ல என்னா பிரச்சனன்னு சொல்லு.”

“ஓவர்கிளாக் பண்ணிட்டேன். சூடு தொண்ணூத்தஞ்சுக்கு ஏறுது, ஃபேன் கத்துது. கூலர் மாத்தணும்.”

புராசசரை அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேலே விரட்டுவதைத்தான் ஓவர்கிளாக் என்பார்கள். வேகம் கூடினால் சூடு கூடும். அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கூலர் அந்தச் சூட்டை இழுத்து வெளியே தள்ள வேண்டும். கூலர் சின்னதாக இருந்தால் அதன் காற்றாடி உயிரைக் கொடுத்துச் சுற்றும், சத்தம் வீட்டை நிறைக்கும். பெட்டியைத் திறந்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். வாங்கும்போதே கூட வந்த சின்னக் கூலர். காற்றாடியின் ஓர் இறக்கை முனையில் உடைந்திருந்தது. ஓயாத இரைச்சலுக்கு நடுவே டிக், டிக் என்று ஒரு தட்டல் வேறு.

“வீடியோ கேமுக்கா?” என்றேன் கொஞ்சம் ஏளனமாக. நாற்பத்தேழு வயது ஆளுக்கு இது தேவையா என்றுதான் நினைத்தேன்.

“கல்யாண வீடியோண்ணே. அடுத்தவங்க எடுத்துட்டு வருவாங்க, நான் வெட்டி ஒட்டிக் கொடுக்கிறது.”

பிறகு பழகப் பழகத் தெரிந்துகொண்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுகுமாறன் லிங்கிக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் அங்கிருந்த செம்பனை எண்ணெய் மில்லில் சேர்ந்து, பாய்லரிலும் எஞ்சின் ரூமிலுமாக இருபத்து மூன்று வருஷம் வேலை செய்தான். அங்கே பேசுவதென்றால் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதே குரலில்தான் பேசுவானாம். “என்னாங்க, நான் என்ன பாய்லரா?” என்று அவன் மனைவி புனிதா கேட்பாளாம். சத்தமில்லாத ஓர் அறைதான் மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய சுகம் என்று அவன் முடிவுகட்டியது அந்த மில்லுக்குள்ளேதான். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிவந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே பழகினான். முதலில் கோயில் திருவிழா, பிறகு கல்யாணம், காதுகுத்து என்று எஸ்டேட் லைனில் வரிசையாக இருந்த எல்லா வீட்டு வீடியோவும் அவனிடம் வந்தது.

புனிதாவும் அதே மில்லின் தொழிலாளர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பிள்ளைகள் இல்லை. இனிப்பு நீர் வியாதி முதலில் அவள் கண்ணைக் கொண்டுபோயிற்று, அடுத்து சிறுநீரகத்தை. கூட இருந்து பார்க்க ஆள் இல்லாததால் அவன் மில் வேலையை விட்டான். வேலையை விட்டால் குவார்ட்டர்ஸையும் விட வேண்டும் அல்லவா? லிங்கியில் தகரக்கூரை போட்ட ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்கள். முன்னறையில் ஒரு பக்கம் அவள் கட்டில், மறுபக்கம் அவன் மேசை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், மிச்ச நாளெல்லாம் வீடியோ வேலை. கல்யாணம் முடிந்த வாரமே படம் வேண்டும் என்று ஜனங்கள் நிற்கிறார்கள். புது மெஷின் வாங்க வழியில்லை, இருந்ததையே விரட்டினான். அதுதான் அவனுடைய ஓவர்கிளாக்.

அன்றைக்கு நான் மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்று குட்டை, அவன் சூட்டுக்குத் தாங்காது. நடுவில் இருந்தது ஒற்றைக் கோபுரம்: நாலு செப்புக் குழாய், அடுக்கடுக்காக அலுமினியத் தகடு, ஒரு காற்றாடி. மூன்றாவது இரட்டைக் கோபுரம், தூக்கினால் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும்.

“இது போதும் உனக்கு” என்று நடுப்பெட்டியைத் தட்டினேன். “பெருசு நூத்தி அறுவத்தஞ்சு மில்லி உயரம். உன் பெட்டி நூத்தி அறுவதுதான் எடுக்கும். மூடி போட முடியாது.”

“எதுண்ணே சத்தம் கம்மி?”

“சத்தத்தப் பாத்து யாருலா ஓவர்கிளாக் பண்றாங்க? எத்தன டிகிரி இறக்கும்னு கேளு.”

“டிகிரிலாம் எனக்குத் தெரியும்ணே. நான் பாய்லர்க்காரன். சத்தத்த மட்டும் சொல்லுங்க.”

தண்ணீர் ஓடிக் குளிர்விக்கிற வகையும் இருக்கிறது என்றேன். உடனே தலையை ஆட்டினான். “வேணாம்ணே. ஒரு நாளைக்கி அரை லிட்டருக்கு மேல குடிக்கக் கூடாதுன்னு அவளுக்கு அளந்து அளந்து ஊத்துறேன். இந்த மெஷினுக்கு மட்டும் தண்ணி ஓட்டுனா, அது நல்லாவா இருக்கும்?” என்றான்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றை எடுத்தான். நடுவில் ஒரு முடிச்சு. அவள் தலையணையிலிருந்து மேசை வரைக்கும் அளந்து போட்ட முடிச்சாம். ஐந்தடிக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு கூலரையும் மாறி மாறி ஓட்டிக் காட்டச் சொன்னான். கடையின் ஏர்கோனை நிறுத்தச் சொன்னான். கதவைச் சாத்தச் சொன்னான். கயிற்றின் ஒரு நுனியைக் கூலருக்கு அடியில் வைத்து, முடிச்சு வந்த இடத்தில் துண்டை விரித்து, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

“என்னா பண்ற நீ?”

“அவ இப்படித்தாண்ணே படுத்திருப்பா. கண்ணு தெரியாதவளுக்குக் காதுதானே எல்லாம். நான் நாள் முழுக்க இத ஓட்டிக்கிட்டிருந்தா அவ எப்படித் தூங்குவா? ஒரு நாள்கூட கம்ப்ளெய்ன் பண்ணதில்ல. அதான் இன்னும் கஷ்டமா இருக்கு.”

வெளியே இரண்டு வாடிக்கையாளர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு யாராக இருந்தாலும் எழுப்பித் துரத்தியிருப்பேன். நானும் மூச்சுவிடாமல் நின்றேன். ஒற்றைக் கோபுரம் ஓடும்போது அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. இரட்டைக் கோபுரத்தை ஓட்டினேன். பெரிய காற்றாடி மெதுவாகச் சுற்றினாலே போதுமானதால் அதில் சத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அவன் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான்.

“ஓட்டுங்கண்ணே” என்றான்.

“ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தானே, அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

இரட்டைக் கோபுரத்தையே வாங்கினான். மூடி போட முடியாது என்று நான் சொன்னதற்கும் வழி கண்டுபிடித்தான். மில்லில் கூட வேலை பார்த்த ஒருவரிடம் கொடுத்து மூடியில் சதுரமாக ஓட்டை போட்டு, அதன்மேல் பிஸ்கட் டின் மூடியைக் கவிழ்த்துத் திருகி முடுக்கினான். பார்க்கக் கண்றாவியாக இருந்தது. ஆனால் சூடு எழுபத்திரண்டைத் தாண்டவில்லை, சத்தமும் இல்லை. எனக்கே பெருமை தாங்கவில்லை. அதைப் படம் எடுத்து, பிரேம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினேன். பழைய கூலரை அவன் கடையிலேயே விட்டுவிட்டான். “யாருக்காச்சும் உதவுனா குடுங்கண்ணே” என்றான். உடைந்த இறக்கையோடு யாருக்கு உதவும்? கழிவுச் சாமான் பெட்டியில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தான். முகம் வாடியிருந்தது.

“மெஷின் ஏதும் கோளாறா?”

“மெஷின் நல்லா இருக்குண்ணே. அவளுக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சி. அடிக்கடி மணி என்னா, மணி என்னான்னு கேக்குறா. இப்பத்தானே சொன்னேன்னு சொன்னா, சரிங்கன்னுட்டு அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் கேக்குறா. ரத்தத்துல உள்ள அழுக்கு மூளைக்கு ஏறியிருக்கும்னு சொல்றாங்க. டாக்டர்கிட்ட கேக்கணும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, என் மனைவி மரியகொரெட்டி செய்து கொடுத்த உப்பில்லாத அப்பத்தை எடுத்துக்கொண்டு லிங்கிக்குப் போனேன். புனிதாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, வாரிப் பின்னிய தலை, நெற்றியில் நேராக வைத்த பொட்டு. அவன்தான் வைத்துவிட்டிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கல்யாணத்தை அரைத்துக்கொண்டிருந்தது, சத்தமே இல்லை. நான் வந்து உட்கார்ந்ததும் சுகுமாறன் பால் சேர்க்காத தே-ஓ கலக்கப் பின்பக்கம் போனான்.

“ஏங்க, மணி என்னா?” என்றாள் புனிதா.

“அவன் அடுப்படிக்குப் போயிருக்கான்மா. மணி பதினொன்னு பத்து.”

அவள் தலையை என் பக்கம் திருப்பினாள். “நீங்கதானே கூலர் குடுத்த அண்ணன்?”

“ஆமா. இப்ப நிம்மதியா தூங்க முடியுதா?”

பின்பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்ட பிறகு, அவள் மெதுவாகச் சொன்னாள்.

“பழைய சத்தமே நல்லா இருந்துச்சிண்ணே. டிக்கு டிக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அது கேட்டா அவரு மேசையில இருக்காருன்னு அர்த்தம். நான் பாட்டுக்கும் தூங்கிருவேன். இப்ப இருக்காரா, வெளிய போயிட்டாரான்னு ஒன்னும் தெரியல. பயமா இருக்கு.”

“அதுக்குத்தான் மணி கேக்குறியா?”

“சும்மா சும்மா இருக்கீங்களா இருக்கீங்களான்னா கேக்க முடியும்? அவரும் மனுஷன்தானே. மணி கேட்டா ஒரு பதில் வந்துரும்ல.” பிறகு, “நாங்க மில்லு பக்கத்துல வளர்ந்தவங்கண்ணே. மில்லு சத்தம் ஓடுற வரைக்கும் பொம்பளைங்க நல்லா தூங்குவாங்க. திடீர்னு நின்னுச்சின்னா எல்லாரும் வாசலுக்கு ஓடியாந்துருவாங்க, உள்ள யாருக்கு என்னா ஆச்சோன்னு. எங்கம்மா எத்தன தடவ அப்படி ஓடியிருக்கு” என்றாள்.

“இத அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“ஐயோ, வேணாம்ணே. எவ்வளவு ஆசையா வாங்கியாந்தாரு. உங்க கடையில தரையில படுத்தாராம்ல? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

சுகுமாறன் தே-ஓவோடு வந்தான். “பாத்தீங்களாண்ணே? ஊசி விழுந்தாக் கேக்கும்” என்றான். புனிதா புன்னகை செய்தாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த மேசையில் உட்கார்ந்து, காற்றாடி வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருந்தால் போதும். அரை நிமிஷ வேலை. அவள் பேரைக்கூட எடுக்க வேண்டியதில்லை. இவ்வளவு மெதுவாக ஓட்டினால் மெஷினுக்கு ஆகாது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். நான் செய்யவில்லை. சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்டதால்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. சத்தமே இல்லாத அந்தக் கூலர் என் கைவேலை, அதன் படம் என் கடைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தே-ஓவைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆகஸ்ட் மாதம் புனிதா போய்விட்டாள். எனக்குச் செய்தி தெரிந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. பதினாறாம் நாள் காரியம் கழித்து லிங்கிக்குப் போனேன். கட்டிலில் மெத்தை இல்லை. மேசையில் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. சுகுமாறன் என்னை உட்காரச் சொன்னான். பேசியபோது, மில்லில் பழகிய குரல் போய், கிட்டே போய்க் கேட்க வேண்டிய குரலாகியிருந்தது.

“அன்னைக்கி மதியம் மூனு தடவ மணி கேட்டாண்ணே. ரெண்டு தடவ சொன்னேன். அவசர வேல, அன்னைக்கே குடுக்கணும். மூனாவது தடவ கேட்டப்ப எரிச்சல் வந்துருச்சி. காதுல நல்லாக் கேட்டுச்சி. கேட்டும் பதில் சொல்லாம இருந்துட்டேன். அப்புறம் அவளும் கேக்கல. தூங்கிட்டான்னு நெனச்சேன். வீடியோ முடிஞ்சி திரும்பிப் பாக்கறேன், போயிட்டா.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஆண்டவர் சித்தம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். நல்லவன் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் அவள் புத்தி கலங்கிப் போய்ச் செத்தாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. என் நெஞ்சில் கிடந்த பாரத்தையும் என்னால் அதற்கு மேல் சுமக்க முடியவில்லை. இரண்டில் எது அதிகம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சொன்னது, சொல்லாதே என்றது, நான் சொல்லாமல் விட்டது, அரை நிமிஷ வேலை.

அவன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அப்ப அவளுக்கு மூளையில ஒன்னும் இல்ல” என்றான்.

“ஒன்னும் இல்லடா.”

“நான் இருக்கேனான்னுதான் கேட்டுருக்கா.”

“ஆமா.”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. நானும் அழுதேன். வெகுநேரம் கழித்துத் துண்டை எடுத்துவிட்டு, “அந்தப் பழைய கூலர் இருக்காண்ணே?” என்று கேட்டான்.

கடைக்கு வந்ததும் கழிவுச் சாமான் பெட்டியைத் தரையில் கொட்டித் தேடினேன். அடியில் கிடந்தது. இறக்கையின் உடைந்த முனையைத் தடவிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதன் காற்றாடியைத் தனியாக ஓட்டும்படி ஓர் அடாப்டரைப் பொருத்தினேன். சுவரில் இருந்த படத்தைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் அந்தக் கூலரோடு என்னை வரச் சொன்னான். துக்க வருஷம், அவன் வீட்டில் பண்டிகை கிடையாது. செத்தவர்களுக்குப் போடுகிற படையல் மட்டும். கிறிஸ்தவர்களான எங்களில் நவம்பரில் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவதோடு சரி. இதை நான் கிட்டே இருந்து பார்த்ததில்லை. பொழுது சாய்கிற நேரம். கட்டில் இருந்த இடத்தில் வாழை இலை போட்டிருந்தான். அவள் தொடவே கூடாது என்று அவன் நாலு வருஷம் மறைத்து மறைத்து வைத்ததெல்லாம் இலையில் இருந்தது: கருவாடு, பருப்பு, வாழைப்பழம், தக்காளிச் சட்னி. பக்கத்தில் சீவிய இளநீர். ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர்.

“இன்னைக்கி அளவு இல்ல” என்றான்.

சூடம் காட்டி முடித்ததும் எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும் என்றான். ஆள் இருந்தால் அவர்கள் வந்து சாப்பிட மாட்டார்களாம். எல்லாரும் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வாசலுக்கு வந்துவிட்டேன். அவன் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மேசையின் மேல் அந்தப் பழைய கூலரை வைத்து, சட்டைப்பையிலிருந்து ராஃபியா கயிற்றை எடுத்து இலையிலிருந்து மேசை வரைக்கும் பிடித்துப் பார்த்தான். கூலரைக் கொஞ்சம் நகர்த்தினான். சுவிட்சைப் போட்டான்.

டிக், டிக், டிக் என்று அது ஓடத் தொடங்கியது.

“நான் உள்ள இருக்கக் கூடாதுல்லண்ணே” என்றான் வெளியே வந்து. “வந்துட்டு, நான் இல்லன்னு பயந்துருவா. இது ஓடட்டும்.” கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த வாசற்படியில் உட்கார்ந்து, கதவுக்குப் பின்னால் அந்தத் தட்டல் நின்றுவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அடாப்டர் புதிது, வயரை நானே பற்றவைத்தேன், நிற்காது. இருந்தும் பயமாக இருந்தது. சுகுமாறன் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.

“மணி என்னாண்ணே?” என்றான்.

“ஏழு அஞ்சு.”

பக்கத்து வீட்டில் பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்த ஆரம்பித்திருந்தார்கள். உள்ளே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

“மணி என்னாண்ணே?”

“ஏழு எட்டு” என்றேன். அன்றைக்கு அவன் எத்தனை தடவை கேட்டான் என்று நான் எண்ணவில்லை. கேட்டபோதெல்லாம் சொன்னேன்.